முப்பத்தெட்டாவது கொசு

கல்லூரியில் விஞ்ஞானப் பாடம் எடுத்துச் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே விஞ்ஞான முறை என்று ஒன்றை நமக்குச் சொல்லித் தருகிறார்கள். உற்று நோக்கு, ஊகம் செய், சோதித்துப் பார், முடிவு காண். மாடிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு படிகள். ஏறிவிட்டால் உண்மை என்னும் மேல்மாடி தானே வந்துவிடும் என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். அன்று பிற்பகலே பரிசோதனைச் சாலையில் தனி ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். விடை 980 என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. ஊசலோ 1012 என்கிறது. மாணவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். அலைவு நேரத்தில் கடைசி இலக்கத்தை மெல்ல மாற்றுகிறார். 980 வந்துவிடுகிறது, கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது. இந்த ஐதராபாத்தில் அதன் உண்மை மதிப்பு 978-ஐ ஒட்டியது என்பது வேறு கதை. காலையில் எழுதிய நான்கு படிகளுக்கும் மாலையில் அழித்த ஓர் இலக்கத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டென்று எவரும் நினைப்பதில்லை.

நம் சங்கத்திற்கு இவ்வாண்டு புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையரில் பாதிப் பேருக்கு மேல் விஞ்ஞான மாணவர்கள். அவர்களுக்கென்று ஏதாவது எழுதும்படி மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் விலங்கியலில் முதுகலை படிப்பவன்; வயது இருபத்துமூன்று. உபதேசம் செய்யும் வயதன்று. ஆகவே ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்லலாமென்று துணிந்தேன். அவர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். மதராஸ் மாகாணப் பணியில் இருந்தவர்; நீலகிரியின் அடிவாரத்தில் காய்ச்சலில் விழுந்தவர்; நாம் படிக்க வந்திருக்கும் இந்த நகரத்தில்தான் தம் வாழ்வின் பெருங்கண்டுபிடிப்பைச் செய்தவர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று காட்டிய ரொனால்ட் ராஸைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ராஸ் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் 1857-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. தந்தை ஆங்கிலேயப் படையில் அதிகாரி. பத்துக் குழந்தைகளில் ராஸ் மூத்தவர். எட்டு வயதில் அவரைக் கப்பலேற்றி இங்கிலாந்திலிருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு ஓவியத்திலும் கவிதையிலும் நாட்டம், மருத்துவத்தில் இல்லை. தந்தையின் விருப்பம் வேறு. 1874-இல் இலண்டன் பார்த்தலோமியு மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்து, படிப்பதைவிட அதிகமாகக் கவிதையும் நாடகமும் இசையும் பயின்று, ஒரு தேர்வில் தோற்று, சிறிது காலம் கப்பல் மருத்துவராகவும் இருந்து, ஒருவழியாக 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் நுழைந்தார். தேர்வு பெற்ற இருபத்திரண்டு பேரில் பதினேழாவது இடம். முதல் வகுப்பு வாங்கவில்லையே என்று ஏங்குவோர் இதைக் கவனிக்கலாம்.

மதராஸ் மாகாணத்திலும் பெங்களூரிலும் மோல்மேனிலும் அந்தமானிலும் அடுத்த ஏழு ஆண்டுகள் கழிந்தன. வேலை குறைவு. கணிதம் படித்தார், கதை எழுதினார். பெங்களூரில் 1883-இல் அவர் தங்கிய பங்களாவில் கொசுத் தொல்லை பொறுக்கமுடியாமல் இருந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி. எட்டிப் பார்த்தால் அதில் புழுக்கள் நெளிகின்றன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. இதைப் போய் அங்கிருந்த படை அதிகாரியிடம் சொல்லி, மற்றத் தொட்டிகளையும் பூச்சாடித் தட்டுகளையும் கவிழ்க்கலாமே என்றபோது, இயற்கையின் ஒழுங்கில் தலையிடுவதா என்று அவர் மறுத்துவிட்டாராம்! ராஸ் பின்னாளில் எழுதிய தம் வாழ்க்கை நினைவுகளில் இதைச் சொல்லியிருக்கிறார். எனக்கு இதில் சுவையாகப் படுவது வேறொன்று. மலேரியாவை ஒழிக்கும் வழி 1883-இலேயே அவர் கையில் இருந்திருக்கிறது. அவர் கண்ணால் பார்த்தார், காரணமும் தெரிந்தது, ஆனால் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி மனத்தில் இல்லை. ஆகவே பார்த்தது பார்த்ததாகவே நின்றுவிட்டது. உற்று நோக்குதலே முதற்படி என்று புத்தகம் சொல்கிறது. கேள்வி இல்லாதவனுக்குத் தொட்டி வெறும் தொட்டிதான்.

அக்காலத்தில் மலேரியா எதனால் வருகிறதென்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே காரணம் என்பது பழைய நம்பிக்கை. அந்த நோயின் பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1880-இல் அல்ஜீரியாவில் லாவரான் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தில் ஓர் உயிருள்ள ஒட்டுண்ணியைக் கண்டார். அதன் உடலில் கருமையான துகள்கள் இருந்தன. ராஸ் இதை நம்பவில்லை. இந்தியாவில் தம் நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்தார்; அவர் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. காய்ச்சல் குடலிலிருந்து கிளம்புகிறது என்று கட்டுரைகள்கூட எழுதினார்.

1894-இல் விடுமுறையில் இலண்டன் சென்றவர் பாட்ரிக் மேன்சனைச் சந்தித்தார். சீனாவில் நெடுங்காலம் மருத்துவராக இருந்த மேன்சன், யானைக்கால் நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-இலேயே கண்டவர். அவர் ராஸை மைக்ராஸ்கோப்பின் முன் உட்காரவைத்து லாவரானின் ஒட்டுண்ணியைக் காட்டினார். பிறை நிலவு போன்ற வடிவம், நடுவே கருந்துகள்கள். ராஸ் கண்டார், தம் கட்டுரைகளை அத்தோடு கைவிட்டார். இதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். அச்சில் வந்துவிட்ட சொந்தக் கருத்தைக் கைவிடுவது எளிதன்று.

மேன்சனிடம் ஓர் ஊகம் இருந்தது. நோயாளியின் விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்துச் சில நிமிடங்கள் காத்திருந்தால், அந்தப் பிறைகள் உருண்டையாகி, அவற்றிலிருந்து சாட்டை போன்ற இழைகள் துடித்துக்கொண்டு வெளிப்படும். உடலுக்குள் இருக்கும்போது இது நடப்பதில்லை. அப்படியானால் இந்த இழைகளின் வேலை உடலுக்கு வெளியே இருக்க வேண்டும். நம் இரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுபோவது யார்? கொசு. இது வரையில் எவ்வளவு அழகான தருக்கம் பாருங்கள். அடுத்த அடியில்தான் சறுக்கல். கொசு ஒரே ஒரு முறை இரத்தம் குடித்து, தண்ணீரில் முட்டையிட்டு, அங்கேயே செத்துவிடும் என்பது மேன்சனின் எண்ணம். ஆகவே செத்த கொசு விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் காய்ச்சல் வருகிறது என்று முடித்தார். பாதி சரி, பாதி தவறு. ஆயினும் அது நல்ல ஊகம் என்றே நான் சொல்வேன். கெட்ட காற்று என்றால் நாளைக் காலை எழுந்து என்ன செய்வது? ஒன்றும் செய்ய இயலாது. மேன்சனின் ஊகமோ, கொசுவைப் பிடி, நோயாளியைக் கடிக்க விடு, வயிற்றை அறுத்துப் பார், தண்ணீரைக் கொடுத்துப் பார் என்று வேலைகளை அடுக்கிக் கொடுத்தது. தவறாக இருந்தால் தவறென்று தெரிந்துபோகும் வழியும் அதிலேயே இருந்தது.

1895-இல் ராஸ் திரும்பி வந்தார். செகந்திராபாத்தில் 19-ஆம் மதராஸ் காலாட்படைக்கு மருத்துவர். பேகம்பேட்டையில் படை மருத்துவமனை. வந்ததும் வேலை தொடங்கிவிட்டது. புழுவிலிருந்து வளர்த்த கொசுக்களை நோயாளிகள்மேல் கடிக்கவிட்டு அறுத்தார். கொசுவின் வயிற்றுக்குள் அந்த இழைகள் துடித்தெழுவதைக் கண்டார். ஊகத்தின் முதற்பாதிக்கு ஆதாரம் கிடைத்தது போலிருந்தது. அடுத்தது தண்ணீர். நோயாளியைக் கடித்த கொசுக்கள் செத்துக் கிடந்த தண்ணீரைக் குடிக்கச் சிலர் முன்வந்தனர். முதலில் குடித்தவர் லட்சுமண் என்பவர். சில நாட்களில் அவருக்குக் காய்ச்சல் வந்தது!

இந்த இடத்தில் தம்பிகள் சற்றே நிற்க வேண்டும். ஊகம் சொன்னது நடந்துவிட்டது. கையில் 980 வந்தாயிற்று. நம்மில் பலர் இங்கேயே கையெழுத்து வாங்கியிருப்போம். ஆனால் நம் ஊரில் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று ஒரு சொல் உண்டு. காக்கையால்தான் விழுந்ததா என்று அறிய ஒரு வழிதான் இருக்கிறது: இன்னும் பல காக்கைகளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். செகந்திராபாத்தில் காய்ச்சல் வருவதற்குக் கொசுத் தண்ணீர்தான் குடிக்க வேண்டுமென்பதில்லை; அது எப்படியும் வரும். ராஸ் மேலும் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார். தெளிவான விளைவு எதுவும் இல்லை. லட்சுமணின் காய்ச்சலை அவர் வெற்றி என்று கொண்டாடவில்லை. மேன்சனிடம் அவருக்கு எவ்வளவு பக்தி இருந்ததென்று தெரிந்தவர்களுக்கு இது எத்தனை பெரிய செயல் என்பது விளங்கும்.

மனிதர்களுக்குக் கூலி கொடுத்து நோய்த் தண்ணீரைக் குடிக்கச் செய்யலாமா என்று இன்று நாம் கேட்போம். கேட்கத்தான் வேண்டும். இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும் இதை அனுமதிக்காது. படைத் தலைமையின் கீழ் இருந்த ஓர் ஏழை மறுத்திருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. வரலாற்றில் ராஸின் பெயர் நிலைத்தது. லட்சுமணைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு பெயரும் ஒரு காய்ச்சலும்தான்.

அவ்வாண்டு செப்டம்பரில் பெங்களூரில் காலராவை அடக்க ராஸை அனுப்பிவிட்டார்கள். கொசு வேலை ஏறக்குறைய நின்றுபோயிற்று. 1897-இல் விடுமுறையில் உதகை சென்றார். அங்கிருந்து சீகூர் மலைப்பாதையில் இறங்கியபோது அவரையே மலேரியா பிடித்தது. அந்தப் பக்கத்தில்தான் சுவரில் வித்தியாசமாக உட்காரும், இறக்கையில் புள்ளிகள் உள்ள ஒரு கொசுவை அவர் கவனித்தார். பெயர் தெரியாது. பூச்சியியல் நூல்களும் கையில் இல்லை. அது வரை அவர் அறுத்தவை பெரும்பாலும் இரண்டு வகை: சாம்பல் நிறக் கொசு, வரி வரியாக உள்ள கொசு. இன்றைய பெயரில் சொன்னால் முதலாவது கியூலக்ஸ், இரண்டாவது ஏடிஸ். புள்ளி இறக்கைக் கொசு அனாபிலிஸ். கியூலக்ஸ் சுவரில் உட்கார்ந்தால் உடல் சுவருக்கு இணையாக இருக்கும். அனாபிலிஸ் வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக நிற்கும். நம் விடுதிச் சுவரிலும் பார்த்துக்கொள்ளலாம்.

1897 சூனில் செகந்திராபாத்துக்குத் திரும்பியவர் மீண்டும் நோயாளி, கொசு, மைக்ராஸ்கோப் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த வேலையை நான் கொஞ்சம் அறிவேன். கொசுவை ஒரு துளி உப்பு நீரில் கிடத்தி, ஓர் ஊசியால் மார்பை அழுத்திக்கொண்டு, மற்றோர் ஊசியால் வயிற்றின் கடைசிக் கணுக்களை மெதுவாக இழுத்தால், குடல் நூல்போல வெளியே வரும். பாதி இழுக்கும்போதே அறுந்துவிடும். நாங்கள் குளிரூட்டிய அறையில், நல்ல விளக்கொளியில் செய்கிறோம். அப்படியும் கழுத்து வலிக்கிறது. ராஸ் ஆகஸ்டு மாதப் புழுக்கத்தில் பங்காவையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். காற்று வந்தால் கொசு பறந்துவிடும். நெற்றி வியர்வை சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. கண்ணருகேயுள்ள வில்லையில் விரிசல். சாம்பல் கொசுவிலும் வரிக் கொசுவிலும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கொசுவையும் அணு அணுவாகப் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதி வந்தார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் அன்னையர் சொல்வர். பானைக்கு அது சரி. எல்லா அரிசியும் ஒரே நெல்லின் அரிசி, ஒரே நீரில், ஒரே நெருப்பில் வேகிறது. கொசு என்ற பானையில் அப்படியன்று. நூற்றுக்கணக்கான சாம்பல் கொசுக்களை அறுத்து ஒன்றுமில்லை என்று கண்டால், கொசுவில் மலேரியா வளராது என்று முடிவு கட்டலாமா? மிகவும் நேர்மையான ஒருவர்கூடக் கட்டியிருப்பார். ராஸைக் காப்பாற்றியது, எந்த வகைக் கொசு, எந்த நோயாளி, கடித்து எத்தனை நாள் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் குறித்துவைத்த கணக்கு. அந்தக் கணக்கைப் புரட்டினால் ஒன்றுமில்லை என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிடுகிறது. இந்த வகையில், இத்தனை நாளுக்குள், ஒன்றுமில்லை. வேறு வகை இன்னும் இருக்கிறது, நாட்களும் இருக்கின்றன.

ஆகஸ்டு நடுவில் அவருடைய ஆட்கள் கொண்டுவந்த புழுக்களிலிருந்து புள்ளி இறக்கைக் கொசுக்கள் சில வெளிவந்தன. 16-ஆம் நாள் உசேன் கான் என்ற நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து அவற்றை விட்டார். இரத்தம் குடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. அடுத்த நாட்களில் சிலவற்றை அறுத்தார்; சில தாமே செத்தன. 20-ஆம் நாள் பிற்பகல். மிச்சம் இருந்தவை மிகச் சில. கணக்கில் முப்பத்தெட்டாம் எண்ணிட்ட கொசு. வழக்கம்போல் வயிற்றுச் சுவரை ஓரத்திலிருந்து பார்த்து வந்தவர், கடைசியில் ஒரு வட்டமான உயிரணுவைக் கண்டார். கொசுவின் வயிற்றுச் சுவரில் அப்படியொன்று இருக்கக் கூடாது. குவியத்தைச் சற்றே நகர்த்தினார். உள்ளே கருந்துகள்கள். மனித இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணிக்குள் இருக்கும் அதே துகள்கள். இன்னும் தேடினார், அப்படிப் பல இருந்தன. மறுநாள் அடுத்த கொசுவை அறுத்தார். அதே உயிரணுக்கள், ஆனால் நேற்றையவற்றைவிடப் பெரியவை.

பெரியவை என்ற இந்த ஒரு குறிப்பில்தான் என் மனம் எப்போதும் நிற்கிறது. ஒரே ஒரு கொசு என்றால் ஏதோ தூசி, ஏதோ நோய்க்கொசு என்று சொல்லிவிடலாம். நான்காம் நாளில் சிறிதாக இருந்தது ஐந்தாம் நாளில் பெரிதாகியிருந்தால், அது வளர்கிறது, வளர்வதால் உயிருள்ளது. மேலும் இந்தக் கொசுக்கள் வெளியே பறந்து திரிந்தவை அல்ல. புழுவிலிருந்து கண்ணாடிக் கலத்தில் வளர்ந்தவை. உசேன் கானைத் தவிர வேறு எவரையும் கடித்தவை அல்ல.

அன்றிரவு ராஸ் பெங்களூரிலிருந்த மனைவிக்குக் கவிதை எழுதினார். இலண்டன் மருத்துவ இதழுக்கு எழுதியதோ வேறு நடை. 1897 டிசம்பர் 18-ஆம் நாள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த அக்கட்டுரையின் தலைப்பில், மலேரியா இரத்தம் குடித்த இரண்டு கொசுக்களில் காணப்பட்ட விசித்திரமான நிறத்துகள் உயிரணுக்கள் என்ற அளவே இருக்கிறது. மலேரியாவின் மர்மம் விளங்கிற்று என்று போட்டுக்கொள்ளவில்லை. எண்ணிக்கை இரண்டு என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார். தகடுகளை மேன்சனுக்கு அனுப்பினார். மேன்சனும் வேறு சிலரும் தம் கண்ணால் பார்த்துத் தத்தம் கருத்தைக் கட்டுரையோடு சேர்த்தனர். மனைவிக்கு எழுதியதில் மகிழ்ச்சி. இதழுக்கு எழுதியதில் இரண்டு கொசு. இரண்டையும் அவர் கலக்கவில்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டுமென்பது தெளிவாக இருந்தது. செய்ய விடவில்லை. செப்டம்பரில் இராஜபுதனத்துக் கேர்வாராவுக்கு மாற்றல் வந்தது. மலேரியா அரிதான ஊர்! ஆராய்ச்சியில் இருப்பவரை இப்படித் தூக்கியடிப்பது அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது போலும். மேன்சன் இலண்டனில் விடாது முயன்றதால் 1898 பிப்ரவரியில் அவர் தனிப் பணியாகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கே வேறு தடை. பிளேக் தடுப்பூசி பற்றிய பீதி ஊரெங்கும் பரவியிருந்தது. வெள்ளைக்கார டாக்டர் ஊசியோடு வந்தால் மக்கள் ஓடினர். மனிதரிடம் சோதிக்க வழியில்லை. ராஸ் பறவைகளுக்குத் திரும்பினார். சிட்டுக்குருவிக்கும் வானம்பாடிக்கும் அவற்றுக்கே உரிய மலேரியா உண்டு. கூண்டில் அடைத்து இராமுழுதும் கொசுவைக் கடிக்கவிடலாம். முகமது பக்ஷ் என்ற உதவியாளர் பறவை பிடிப்பதிலும் கொசு வளர்ப்பதிலும் கைதேர்ந்தவராக இருந்தார். செகந்திராபாத்தில் பயனற்றுப்போன சாம்பல் கொசுவே பறவை மலேரியாவைச் சுமக்கிறது என்று தெரிந்தது.

இனி வருவதே முழு வரலாற்றிலும் நான் மிகவும் மதிக்கும் பகுதி. ராஸ் மூன்று சிட்டுக்குருவிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றின் இரத்தத்தில் ஒட்டுண்ணி ஏராளம், இரண்டாவதில் நடுத்தரம், மூன்றாவதில் இல்லவே இல்லை. ஒரே வகைக் கொசுக்களை மூன்றின்மேலும் விட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் பத்துக் கொசுக்களை எடுத்து, வயிற்றுச் சுவரிலுள்ள நிறத்துகள் உயிரணுக்களை எண்ணினார். முதற் குருவியின் பத்துக் கொசுக்களில் 1009. இரண்டாவதில் 292. மூன்றாவதில் சுழி.

மூன்றாம் குருவி எதற்கு? அதில் ஒன்றும் இராதென்று ராஸுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். ஆயினும் அந்தச் சுழி இல்லாவிட்டால் 1009-க்கு மதிப்பில்லை. அந்த உயிரணுக்கள் சாம்பல் கொசுவுக்கே இயல்பானவை என்று எவரேனும் சொன்னால் வாயடைத்து நிற்க வேண்டும். மூன்றாம் குருவியின் பத்துக் கொசுக்களும் அதே புழுக் கலத்தில் வளர்ந்தவை, அதே அறையில் இருந்தவை, இரத்தமும் குடித்தவை. வேறுபாடு ஒன்றே ஒன்று. நம் பாடப் புத்தகங்கள் ஒப்புச் சோதனை என்று ஒரு வரியில் முடித்துவிடுவது இதைத்தான். பேகம்பேட்டையின் இரண்டு கொசுக்கள் ஒரு கேள்வியைக் கேட்டன. கல்கத்தாவின் முப்பது கொசுக்கள் பதில் சொல்லின.

பிறகு வேலை விரைந்தது. உயிரணுக்கள் நாளுக்கு நாள் பெருத்து, வெடித்து, நுண்ணிய இழைபோன்ற வித்துக்களைக் கொசுவின் உடலெங்கும் இறைத்தன. அவை எங்கே போகின்றன? சூலைத் தொடக்கத்தில் அவை கொசுவின் தலையருகே ஒரு சுரப்பியில் குவிந்திருப்பதைக் கண்டார். அது உமிழ்நீர்ச் சுரப்பி. அதன் குழாய் கொசுவின் கொடுக்குக்குச் செல்கிறது. மேன்சனின் தண்ணீர் அந்த நிமிடத்தில் வற்றிப்போயிற்று. நோய் வருவது குடிப்பதால் அன்று, கடிப்பதால். அதையும் சோதித்தார். இரத்தத்தில் ஒட்டுண்ணி இல்லையென்று பார்த்து உறுதி செய்த 28 குருவிகளை நோய்க் கொசுக்கள் கடித்தன, 22 நோயுற்றன. மீதி ஆறையும் அவர் மறைக்கவில்லை. 1898 சூலை இறுதியில் எடின்பரோவில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவர் மாநாட்டில் மேன்சன் இதை அறிவித்தார். தம் சொந்தத் தண்ணீர்க் கொள்கை தவறென்று காட்டிய செய்தியை அவரே எழுந்து சொன்னார் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் குருவி மனிதன் அல்லவே. மனித மலேரியா முழுவதும் அனாபிலிஸ் கொசுவில் வளர்ந்து கடி மூலம் பரவுவதை 1898 இறுதியில் இத்தாலியில் கிராசி, பிக்னாமி, பாஸ்தியானெல்லி ஆகியோர் காட்டினர். 1900-இல் மேன்சன் உரோமிலிருந்து நோய்க் கொசுக்களை இலண்டனுக்கு வரவழைத்தார். மலேரியா இல்லாத இலண்டனில் அவற்றைத் தம்மைக் கடிக்கவிட்டவர் அவருடைய மகன். அவருக்குக் காய்ச்சல் வந்தது, இரத்தத்தில் ஒட்டுண்ணியும் தெரிந்தது. அதே ஆண்டில் மருத்துவர் சிலர், உரோமுக்கருகே காய்ச்சலுக்குப் பேர்போன சதுப்பு நிலத்தில் கம்பிவலை அடித்த குடிசையில் மாலை முதல் காலை வரை அடைந்திருந்து, நோயில்லாமல் பருவத்தைக் கழித்தனர். அங்குள்ள காற்றைச் சுவாசித்துக்கொண்டேதான் இருந்தனர். லட்சுமணின் காய்ச்சலுக்கும் இலண்டன் இளைஞரின் காய்ச்சலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிப் பாருங்கள். விஞ்ஞான முறையைப் பற்றிய அந்த ஐந்து மதிப்பெண் வினாவுக்கு அதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

ராஸ் 1899-இல் இந்தியாவை விட்டு லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளிக்குப் போனார். 1902-இல் நோபல் பரிசு. அதற்குப் பிந்திய ராஸை என்னால் அவ்வளவாக நேசிக்க முடியவில்லை. கிராசியோடு முன்னுரிமைச் சண்டை, கடுமையான ஏச்சு, பிற்காலத்தில் மேன்சனோடும் கசப்பு. சாம்பல் கொசுவின் சுழிகளைப் பொறுமையோடு எழுதியவர் மனிதர் விஷயத்தில் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை. இத்தாலியரின் வேலை தம்முடையதைப் பார்த்துச் செய்ததென்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில், பாதையைத் திறந்தவர் ராஸ்; மனிதர் வரையில் அதை நடந்து முடித்தவர் இத்தாலியர். இருவருக்கும் இடமுண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணிதத்தை அவர் விடவில்லை. ஓர் ஊரில் கடைசிக் கொசுவரை கொன்றால்தான் மலேரியா ஒழியும் என்றால், அது நடவாத காரியம். அனாபிலிஸின் தொகை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினாலே, புதிதாக நோய் பெறுவோர் குணமடைவோரைவிடக் குறைந்து, நோய் தானே அவிந்துவிடும் என்று சமன்பாடு எழுதிக் காட்டினார். 1910-இல் வெளிவந்த அவருடைய மலேரியாத் தடுப்பு நூலிலும் அதன் அடுத்த பதிப்பிலும் இது விரிகிறது. இன்று தொற்றுநோய்கள் பரவும் வேகத்தைக் கணக்கிடுவோர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் அந்தச் சமன்பாடுகளின் பேரப்பிள்ளைகள். பெங்களூர்த் தொட்டியைக் கவிழ்த்த இளைஞருக்கு முப்பது ஆண்டுக்குள் அதற்கொரு கணக்கும் கிடைத்துவிட்டது.

1932 செப்டம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் ராஸ் காலமானார். மனைவி அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டார்.

பேகம்பேட்டையில் பழைய விமான நிலையத்தருகே அவர் வேலை செய்த கட்டடம் இன்றும் இருக்கிறது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. ஆகஸ்டு 20-ஆம் நாளை உலகக் கொசு நாள் என்கிறார்கள். அன்று அங்கே போய் வரலாமென்று நானும் இரண்டு நண்பர்களும் எண்ணியிருக்கிறோம். வர விரும்பும் தம்பி தங்கையர் சங்க அறையில் பெயர் கொடுக்கலாம். பஸ்ஸில்தான் போகிறோம்.